கைம்மாறு கேட்காத வேலை: வாசகர் கேள்வி பதில்

சேவையைப் பற்றித்தான் இந்த முறை நிறையக் கடிதங்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். நான்தான் பார்த்துக்கொள்கிறேன், வேலைக்கும் போகிறேன். முன்பெல்லாம் காலையில் கொஞ்ச நேரமாவது தியானத்தில் உட்காருவேன், இப்போது அதற்கு வழியே இல்லை. தோழி ஒருத்தி ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய்ச் சேவை செய்கிறாள். அவள் முகத்தில் தெரியும் நிறைவைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. நான் செய்வது வெறும் கடமைதானே? அதையும் பல நாள் எரிச்சலோடுதான் செய்கிறேன். இதெல்லாம் ஆன்மிகத்தில் சேருமா?

பதில்: சேரும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க ஒரு குற்ற உணர்ச்சி ஓடுகிறது, அதற்கு அவசியமே இல்லை.

பௌத்தத் துறவிகளுக்கான ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநயபிடகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கால் துவண்டுபோன பிக்கு ஒருவர், எழுந்திருக்க முடியாமல் தன் மலஜலத்திலேயே கிடக்கிறார். அந்தப் பக்கம் வந்த புத்தர் அதைப் பார்த்துவிட்டுத் தன் சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். அப்புறம் தலைப்பக்கம் புத்தரும் கால்பக்கம் ஆனந்தருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். ஏன் இவரை யாரும் கவனிக்கவில்லை என்று மற்ற பிக்குகளைக் கேட்டால், அவரால் எங்களுக்கு ஒரு உபயோகமும் இல்லை, அதனால்தான் என்று பதில் வருகிறது. உங்களுக்கு இங்கே தாயும் இல்லை, தந்தையும் இல்லை, நீங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்கிறார் புத்தர். எனக்குப் பணிவிடை செய்ய நினைக்கிறவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார். தியானத்துக்காகவே வீட்டை விட்டு வந்தவர்களுக்குச் சொன்னது இது. அவர்களுக்கே அப்படியென்றால், நீங்கள் இழந்துவிட்டதாக நினைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தை எண்ணி இவ்வளவு வருந்த வேண்டுமா?

அந்தப் பகுதியில் இன்னொன்றும் இருக்கிறது, இதைப் பலர் எடுத்துச் சொல்வதில்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு வேண்டிய குணங்களைச் சொல்லும்போது, மருந்து கலந்து கொடுக்கத் தெரிவது, எது ஒத்துக்கொள்ளும் எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிவது, மலம் சளி வாந்தி இவற்றை அருவருக்காமல் எடுப்பது, ஆதாயத்துக்காக இல்லாமல் அன்பினால் செய்வது, ஆறுதலாகப் பேசுவது என்று வரிசையாக வருகிறது. கூடவே, எப்படிப்பட்ட நோயாளியைப் பார்த்துக்கொள்வது கஷ்டம் என்றும் சொல்லியிருக்கிறது! மருந்து சாப்பிட மாட்டேன் என்பவர், என்ன செய்கிறது என்பதை உள்ளபடி சொல்லாதவர், வலி பொறுக்காதவர். ஆக, பார்த்துக்கொள்பவருக்கு எரிச்சல் வரக்கூடிய இடங்கள் இருக்கின்றன என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்த விஷயம்தான்.

எரிச்சல் வருவதை ஆன்மிகத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அது தூக்கமில்லாத உடம்பு பேசுவது. அதற்கு மருந்து ஜபம் இல்லை, ஓய்வு. உங்கள் கணவர் ஒரு வேளையை எடுத்துக்கொள்ள வேண்டும், அவருடைய உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களும் முறை வைத்துக்கொண்டு வர வேண்டும். கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உறுத்துகிறது. சேவை, புண்ணியம் என்று சொல்லிச் சொல்லியே ஒரு வீட்டின் முழுப் பாரத்தையும் ஒரு பெண்ணின் தலையில் ஏற்றிவிடுவது நடக்கிறது, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டு வாங்குங்கள்.

சரி, அப்படி ஓய்வும் உதவியும் கிடைத்த பிறகு, செய்கிற வேலையைத் தியானமாக்குவது எப்படி? படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது புரட்டிப் படுக்கவைக்கச் சொல்லியிருப்பார்கள். அந்த ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் போகும்போது செல்போனை வெளியே வைத்துவிடுங்கள். தொடுவதற்கு முன்னால், "அத்தை, இப்போ இந்தப் பக்கம் திருப்பப்போறேன்" என்று சொல்லிவிட்டு, அவர் கேட்டுக்கொண்டார் என்று தெரிகிறவரை ஒரு நொடி நில்லுங்கள். திருப்பியதும் இடுப்பு, குதிகால், முதுகின் அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள், துணியில் சுருக்கம் இருந்தால் நீவிவிடுங்கள். அவ்வளவுதான். அந்தச் சில நிமிஷம் மனம் முழுக்க அவரிடம் இருந்தால், தியானத்தில் உட்கார்ந்து நீங்கள் தேடியதும் அதுவே. மற்ற நேரத்தில் மனம் எங்கே அலைந்தாலும் அலையட்டும். தோழியோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடுங்கள். அவள் செய்வதும் நல்ல காரியம், ஆனால் அவளுக்கு வீடு திரும்பும் நேரம் என்று ஒன்று இருக்கிறது.

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு சேவைக் குழுவில் இருக்கிறேன். செய்வதைப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்புகிறோம். யாராவது பாராட்டி எழுதினால் சந்தோஷமாக இருக்கிறது, எழுதாவிட்டால் மனம் சுருங்குகிறது. உதவி பெற்றவர் நன்றி சொல்லாமல் போனால் கோபமே வருகிறது. பலனை எதிர்பார்க்காதே என்று கீதையில் படித்திருக்கிறேன். அப்படியானால் நான் செய்வது போலியா?

பதில்: போலி இல்லை ஐயா, பாதி வழியில் இருக்கிறீர்கள். கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில், 47-வது சுலோகத்தில்தான் அது வருகிறது, செய்வதில் உனக்கு உரிமை உண்டு, பலனில் இல்லை என்று. பலரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். செய்யாமல் சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று அதே சுலோகம் முடிகிறது. ஆகவே மனசு சுத்தமான பிறகு சேவைக்குப் போகிறேன் என்று ஒதுங்கிவிடாதீர்கள். சுத்தமாவதே செய்து செய்துதான்.

கொடுத்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது நமக்கும் பழைய விஷயம்தான். ஆய் என்ற வள்ளலைப் பாடும் புறநானூற்றுப் பாட்டு ஒன்று, இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று எண்ணிக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் அவன் என்கிறது. அறத்தை விலைக்கு விற்கும் வியாபாரி! பாராட்டு கிடக்கட்டும், புண்ணியத்தை எதிர்பார்த்துக் கொடுத்தால்கூட வியாபாரம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டார் அந்தப் புலவர்.

உங்களுக்கு ஒரு யோசனை. குழுவோடு செய்வதைத் தொடருங்கள், ஆனால் அதோடு யாருக்கும் தெரியாத ஒரு வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள். மனைவிக்குக்கூடத் தெரிய வேண்டாம். யாருடைய மருத்துவக் கட்டணத்திலாவது ஒரு பங்கை அவருக்கே தெரியாமல் கட்டலாம், பொது இடத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் குப்பையை எடுத்துப் போடலாம். முதலில் சில நாள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். அந்தத் துடிப்பைக் கவனியுங்கள், அதை அடக்கிக்கொண்டு சண்டை போட வேண்டாம், பார்த்தால் போதும். சொல்லாமலே அது அடங்குவதையும் ஒரு நாள் பார்ப்பீர்கள். அப்புறம் இன்னும் கடினமான ஒன்று: நீங்கள் ஓடியாடி முடித்த வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கும்போது திருத்தாமல் இருந்து பாருங்கள்.

படங்களைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். பொருளைப் படம் எடுங்கள், செலவுக் கணக்கைப் போடுங்கள், நன்கொடை கொடுத்தவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். வாங்குகிறவரின் முகத்தை எடுக்காதீர்கள். ஒரு போர்வை வாங்கிக்கொண்டதற்காக அவர் தன் இல்லாமையை ஊருக்குக் காட்ட வேண்டுமா? அவர் ஏன் நன்றி சொல்லாமல் போனார் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேயே இருக்கலாம். கை நீட்டும்போதே ஒரு மனிதர் குன்றிப்போய்தான் நிற்கிறார், அந்த நேரத்தில் சிரித்து நன்றி சொல்ல எல்லோராலும் முடிவதில்லை.

கேள்வி: வழிபாடு, ஜபம் பெரியதா, சேவை பெரியதா? எங்கள் வீட்டில் இது ஓயாத விவாதம்.

பதில்: இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதால்தான் விவாதம் ஓயவில்லை. திருமூலர் இதற்கு ஒரே பாட்டில் பதில் சொல்லிவிட்டார். படம் ஆடும் கோயிலில், அதாவது நாம் கும்பிடப் போகும் கோயிலில், இருக்கும் இறைவனுக்கு ஒன்று கொடுத்தால் அது நடமாடும் கோயிலான மனிதருக்குப் போய்ச் சேராது, நடமாடும் கோயிலுக்குக் கொடுத்தால் அது இறைவனுக்கும் சேர்ந்துவிடும் என்கிறார்.

ஜீவகாருண்யம்தான் மோட்ச வீட்டின் திறவுகோல் என்று சொன்ன வள்ளலார், அதைச் சொல்லோடு விடாமல் 1867-ல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். பசித்தவருக்குச் சோறு போட அன்று மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. விவேகானந்தர் 1897-ல் ராமகிருஷ்ண மிஷனைத் தொடங்கினார். மறு வருஷமே கல்கத்தாவில் பிளேக். நிவாரணத்துக்குப் பணம் எங்கே என்று கேட்டபோது, மடத்துக்காகப் புதிதாக வாங்கிய நிலத்தை விற்றுவிடலாம் என்றார். தியானம் செய்ய வாங்கிய இடம் அது. கடைசியில் விற்க வேண்டிய தேவை வரவில்லை, ஆனால் அவர் தயங்கவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே விவேகானந்தர் தியானத்தை ஒருபோதும் குறைத்துப் பேசவில்லை. ஜபம் செய்கிறவருக்கு அடுத்த வீட்டுக்காரரின் இருமல் காதில் விழுகிறதென்றால் ஜபம் சரியாகத்தான் நடக்கிறது. உங்கள் வீட்டில் ஜபம் செய்பவரும் சேவைக்குப் போகிறவரும் ஒரு வாரம் இடம் மாறிப் பாருங்களேன்.

கேள்வி: அலுவலகத்தில் எல்லோருடைய வேலையும் என் மேல்தான் விழுகிறது. மறுக்கத் தெரியவில்லை. சுயநலமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்து எல்லாவற்றையும் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து குமுறுகிறேன்.

பதில்: மறுத்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் செய்வதைச் சேவை என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து குமுறுகிறீர்களே, அதுதான் அடையாளம். விருப்பத்தோடு தோள் கொடுத்தால் உடம்பு களைக்கும், மனம் இப்படிக் கொதிக்காது. இன்னொன்றையும் யோசியுங்கள்: தன் வேலையைத் தான் செய்து பழகும் வாய்ப்பை, அதை உங்களிடம் தள்ளும் நண்பரிடமிருந்து பறித்துவிடுகிறீர்கள். அது அவருக்கும் நல்லதில்லை. அடுத்த முறை யாராவது வேலையை நீட்டினால், உடனே தலையாட்டாமல், "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிப் பழகுங்கள். அந்த இடைவெளியில் இவருக்கு உண்மையிலேயே முடியவில்லையா, சோம்பலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அவர் வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருக்கிறார் என்றால் கேட்பதற்கு முன்பே போய் வாங்கிக்கொள்ளுங்கள். சோம்பல் என்றால் சிரித்த முகத்தோடு முடியாது என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன். கடவுள் நம்பிக்கை கிடையாது. பணமும் இல்லை, நேரமும் குறைவு. ஆனாலும் யாருக்காவது பயன்பட வேண்டும் என்று இருக்கிறது. எங்கே ஆரம்பிக்கலாம்?

பதில்: நம்பிக்கை இல்லை என்பதற்காகத் தயங்க வேண்டாம். மேலுலகமே இல்லையென்றாலும் ஈதலே நன்று என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். உங்களுக்காகவே எழுதினது போல இருக்கிறது.

ரத்த தானத்தில் ஆரம்பியுங்கள். அதற்குப் பணம் வேண்டாம், போய்த் திரும்ப ஒரு மணி நேரம் பிடிக்கலாம். கொடுப்பவருக்கு வாங்குபவர் யாரென்று தெரியாது, வாங்குபவருக்கும் கொடுத்தவர் யாரென்று தெரியாது. நன்றி சொல்லவும் ஆள் இல்லை, பெருமைப்படவும் வழியில்லை. நீங்கள் கொடுக்கும் ஒரு யூனிட்டைச் சிவப்பணு, பிளேட்லெட், பிளாஸ்மா என்று பிரித்து மூன்று பேருக்குக்கூடக் கொடுக்க முடியும். இதில் சிவப்பணுவை ஆறு வாரம் வரை வைத்திருக்கலாம், பிளேட்லெட் 5 நாள், மிஞ்சினால் ஒரு வாரம்தான் தாங்கும். அதனால் வருஷத்தில் ஒரு நாள் முகாமில் கூட்டமாகக் கொடுத்துவிட்டால் எல்லாக் காலத்துக்கும் போதாது. பக்கத்தில் இருக்கும் ரத்த வங்கியில் உங்கள் பெயரையும் ரத்த வகையையும் கொடுத்துவிட்டு, தட்டுப்பாடு வரும்போது கூப்பிடுங்கள் என்று சொல்லி வையுங்கள். தேர்வு நேரத்தில் கூப்பிட்டால் முடியாது என்று சொல்லலாம், தப்பில்லை, ஆனால் தேர்வு முடிந்ததும் நீங்களே போன் செய்துவிடுங்கள். போகிற அன்று நன்றாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். காய்ச்சலோ, சாப்பிடும் மருந்தோ இருந்தால் மறைக்காமல் அங்கே சொல்லிவிடுங்கள். கொடுத்து முடித்ததும் ஓடிவிடாமல் கால் மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.