குழாய் கழண்டு விழற ஆர்கன்

அண்ணா வணக்கம். வீட்ல ஒரு சின்ன பஞ்சாயத்து. அம்மா பேரு செசிலி, எங்க பங்குல 30 வருஷமா பாடற்குழுவுல இருக்காங்க, முன்ன ஆர்மோனியம், இப்ப கீபோர்டு. அவங்க 60வது பிறந்தநாளுக்கு இத்தாலி ஓவியர் ரஃபேலோட புனித செசிலியா படத்த கையால வரைஞ்ச ஆயில் பெயிண்டிங்கா ஆன்லைன்ல வரவழைச்சேன், மூனடி உயரம், 18,000 ரூபா. பிரிச்சு பாத்தா செசிலியா கையில இருக்கற ஆர்கன் கீழ சாஞ்சு கிடக்கு, குழாய் வேற கழண்டு விழுது, தரையில வயலின் மாதிரி ஒன்னு கம்பி அறுந்து கிடக்கு. "பாட்டுக்குப் பாதுகாவலின்னுட்டு வாத்தியத்த எல்லாம் ஒடச்சுப் போட்டுட்டு நிக்கிறா"ன்னு அம்மா மூஞ்ச சுளிச்சுட்டாங்க. வரைஞ்சவர் சொதப்பிட்டாரோன்னு இருக்கு. மாமா என்னடான்னா "நகலுக்குப் போயி இவ்ளோ காசா, போஸ்டர் ஒட்டியிருக்கலாம்ல"ங்கறார். ரிட்டர்ன் பண்ண இன்னும் ஆறு நாள் இருக்கு. போட்டோ அனுப்பியிருக்கேன், பாத்து சொல்லுங்க.

தம்பி,

முதல்ல அந்த ரிட்டர்ன் பட்டன் பக்கம் போகாத. குழாய் கழண்டு விழறது உன் ஆள் பண்ண தப்பு கிடையாது, ரஃபேல் 1510கள்ல இத்தாலியில பொலோன்யா ஊர்ல ஒரு கோயில் பீடத்துக்கு வரைஞ்ச மூலத்துலயே அப்படித்தான் விழுது. அந்தப் படத்தோட உயிரே அதுலதான் இருக்கு.

அம்மாவுக்கு செசிலியா கதை கண்டிப்பா தெரிஞ்சிருக்கும், கல்யாண வீட்ல வாத்தியம் எல்லாம் முழங்குறப்ப அவ மட்டும் மனசுக்குள்ள ஆண்டவருக்குப் பாடிக்கிட்டு இருந்தாங்கறது. இப்ப படத்துல மேல பாக்க சொல்லு, மேகம் பிளந்து ஆறு சம்மனசு (தேவதூதர்) புத்தகத்த வச்சுப் பாடுறாங்க, ஒருத்தர் கையிலயும் வாத்தியம் இல்ல, வெறும் குரல்தான். அது காதுல விழுந்த நிமிஷம் செசிலியாவுக்குக் கையில என்ன வச்சிருக்கோம்னே மறந்துபோச்சு, பிடி தளர்ந்து குழாய் நழுவுது, அவ்ளோதான். இதுல ஒரு சமாச்சாரம், ரைமோந்தின்னு ஒருத்தர் இதே படத்த செப்புத் தகடுல செதுக்கியிருக்கார், ரஃபேல் முதல்ல யோசிச்ச வரைபடத்த வச்சு செதுக்குனதுன்னு சொல்லுவாங்க, அதுல மேல இருக்கற சம்மனசுங்க கையில வாத்தியம் இருக்கு. அப்புறமாதான் மனுஷன் வானத்துல இருந்து வாத்தியத்த எல்லாம் எடுத்துட்டு தரையில மட்டும் கொட்டியிருக்கார். 30 வருஷம் பாடற்குழுவுல இருந்தவங்களுக்கு இத நான் விளக்கணுமா என்ன, பூசையில கரண்டு போயி கீபோர்டு நின்னதும் சனம் மட்டும் பாடுச்சே, அப்படி ஒரு நாளாவது அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

சுத்தி நிக்கற நாலு பேரையும் அம்மாவுக்குக் காட்டு, அவங்க பாட்டி காலத்து செபப்புத்தகப் பேர்லயே சொல்லு. இடது கைப்பக்கம் வாள ஊனிக்கிட்டு, மோவாய்ல கை வச்சு, கீழ கிடக்கற வாத்தியத்தயே பாத்து யோசிக்கறவர் சின்னப்பர், அதாவது பவுல். பின்னாடி ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துக்கறது அருளப்பரும் (யோவான்) அகுஸ்தீனாரும் (அகஸ்டின்). வலது ஓரத்துல பரிமளத் தைலச் சிமிழோட மதலேனாள் (மகதலா மரியா). மேல பாக்கறது செசிலியா ஒருத்திதான். மதலேனாள் நேரா நம்மள பாப்பா, "உனக்குக் கேக்குதா?"ங்கற மாதிரி.

உன் நகல்ல நிஜமான கோளாறு இந்த இடத்துலதான். உன் போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன், வரைஞ்சவர் மதலேனாள் கண்ண லேசா மேல தூக்கிவிட்டுட்டார், பக்தியா இருக்கட்டும்னு நினைச்சிருப்பார் போல, காலண்டர் மாதா மாதிரி ஆயிடுச்சு. அருளப்பரோட கழுகு கீழ பின்னாடி தெரியணும், உன்னதுல அது பழுப்பு துணி மூட்டையா கிடக்கு. ஆனா செசிலியாவோட மஞ்சள் அங்கி, அதுல ஆள் உக்காந்து வேல பாத்திருக்கார், மடிப்பு மடிப்பா நிழல் இறங்குது. 18,000க்கு அது நியாயம்தான்.

மாமா விஷயத்துக்கு வருவோம். ரோம்ல பிரெஞ்சுக்காரங்க கோயில் ஒன்னு இருக்கு, சான் லூயிஜி. அங்க நான் போனப்ப மொத்த கூட்டமும் இடது மூலையில காரவாஜியோங்கற ஓவியரோட மத்தேயு படத்துக்கு முன்னாடி, விளக்கு எரியறதுக்குக் காசு போட்டுக்கிட்டு நிக்குது. அதே கோயில்ல இன்னொரு சிற்றாலயத்துல பீடத்துக்கு மேல இதே செசிலியா படம், குய்தோ ரேனி வரைஞ்ச நகல். ரேனி சாதாரண ஆள் இல்ல, பொலோன்யாவோட பெரிய ஓவியர், 1600 வாக்குல உக்காந்து ரஃபேல பாத்து வரைஞ்சிருக்கார், அதுக்கு முன்னாடிதான் பூசை வைக்கறாங்க. நகல்னா மட்டம்னு அப்ப யாரும் நினைக்கல, நாமதான் போட்டோ வந்ததுக்கு அப்புறம் இப்படி ஆயிட்டோம்.

நகல் நகல்னு மாமா சொல்றாரே, அசலுக்கும் ஒரு கதை இருக்கு. தரையில கிடக்கற வாத்தியம் எல்லாம் ஜொவான்னி தா உதினேங்கற உதவியாளர் வரைஞ்சதுன்னு, அந்தக் காலத்து ஓவியர்களோட வாழ்க்கைய எழுதி வச்ச வசாரி எழுதியிருக்கார். நெப்போலியன் ஆளுங்க படத்த பாரிசுக்குத் தூக்கிட்டுப் போனாங்க, அங்க பலகைய உரிச்செடுத்து பெயிண்ட் படலத்த மட்டும் கேன்வாசுல ஒட்டிட்டாங்க, 1815லதான் ஊர் திரும்புச்சு. ஆக ரஃபேல் தொட்ட மரம் இப்ப அதுல இல்ல. (இந்தப் படத்த பாத்த அதிர்ச்சியிலதான் பிரான்சியாங்கற பொலோன்யா ஓவியர் செத்தார்னும் அதே வசாரி எழுதுறார், அது சரடுன்னுதான் எனக்குத் தோணுது, ஆனா நல்ல சரடு.)

ஒரே ஒரு சோதனை மட்டும் பண்ணிடு. ராத்திரி லைட்ட அணைச்சுட்டு டார்ச்ச படத்துக்குப் பக்கவாட்டுல வச்சு அடி. பிரஷ் தடம் அங்கி மடிப்பு கூடவே வளைஞ்சு போனா கைவேலை. கலருக்கும் தடத்துக்கும் சம்பந்தமே இல்லாம மேல பளபளன்னு ஒரே மாதிரி ஓடுனா, கேன்வாசுல பிரிண்ட் அடிச்சு மேல ஜெல் பூசி ஏமாத்தியிருக்காங்கன்னு அர்த்தம், அப்படி இருந்தா மட்டும் ரிட்டர்ன் பண்ணு, சண்டையும் போடு.

கைவேலைதான்னா சட்டம் அடிக்கக் குடுத்துடு. கடைக்காரர்கிட்ட கூட நின்னு சொல்லு, கீழ ஓரத்த ரொம்ப மடிச்சு ஆணி அடிச்சிடப் போறார், வாத்தியமெல்லாம் அங்கதான் கிடக்கு.