ஏலம் கேட்டவரின் பொறுப்பும் இரண்டாம் வாய்ப்பும்: கேள்வி பதில்

பதில்கள் ஈபே என்ற இணைய விற்பனை, ஏலத் தளத்தின் அமெரிக்க நடைமுறையை ஒட்டியவை, தொகைகள் டாலரில். கேட்டவர்களில் வாங்குபவர்களும் உண்டு, விற்பவர்களும் உண்டு.

கேள்வி: ஒரு கேமராவுக்கு ஏலம் கேட்டுவிட்டேன். மறுநாளே வேறு இடத்தில் அதே மாடல் மலிவாகக் கண்ணில் பட்டது. ஏலம் முடிய இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. விலகிக்கொள்ளலாமா?

கூடாது. மலிவாக வேறொன்று கிடைத்ததும் மனம் மாறியதும் ஏற்கப்படும் காரணங்கள் அல்ல. கேட்ட தொகையைத் திரும்பப் பெற, அதாவது ஏலத்தில் கேட்டதையே விலக்கிக்கொள்ள, மூன்று காரணங்களே உண்டு. முதலாவது, தொகையைத் தவறாக அடித்திருப்பது: 99.50 என்பது புள்ளி விட்டுப்போய் 9950 ஆகிவிட்டது போல. அப்படியானால் உடனே சரியான தொகையை மறுபடி கேட்டாக வேண்டும். கேட்காமல் நழுவினால் அது விலகலாகவே பார்க்கப்படும். இரண்டாவது, நீங்கள் கேட்ட பிறகு விற்பவர் பொருளின் விவரத்தைப் பெரிதாக மாற்றியிருப்பது. மூன்றாவது, விற்பவரை எந்த வகையிலும் தொடர்புகொள்ள முடியாதது.

நேரக் கணக்கும் உண்டு. ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், திரும்பப் பெறும்போது அந்தப் பொருளுக்கு நீங்கள் கேட்ட தொகைகள் அனைத்தும் நீங்கிவிடும். 12 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே திரும்பப் பெறலாம். அப்போதும் கடைசியாகக் கேட்டது மட்டும்தான் நீங்கும்.

கேள்வி: கடைசி 12 மணி நேரத்தில் ஏன் இவ்வளவு கெடுபிடி?

கூட்டுச் சதியைத் தடுக்க. ஒருவர் 20 கேட்பார்; அவருடைய கூட்டாளிகள் இருவர் 900 வாக்கில் கேட்பார்கள். விலை ஏறிக் கிடப்பதைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். முடியும் நேரத்தில் கூட்டாளிகள் தங்கள் தொகையைத் திரும்பப் பெற்றால், பொருள் அடிமாட்டு விலைக்கு முதல் ஆளிடம் போய்விடும். அந்த ஒரு மணி நேர வரம்பு இந்தக் கதவைத்தான் பெருமளவு அடைக்கிறது. இன்னொன்றும் இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்: உங்களை ஒருவர் முந்திவிட்டார் என்பதற்காக உங்கள் தொகை செத்துவிடவில்லை. முந்தியவர் விலகினால் நீங்கள் மறுபடி முன்னுக்கு வருவீர்கள், பொறுப்பும் உங்கள் தலையில் வரும்.

கேள்வி: ஏலம் எடுத்துவிட்டுப் பணம் கட்டாவிட்டால் உண்மையில் என்ன ஆகும்? வழக்கா போடுவார்கள்?

சிறு தொகைக்கு யாரும் வழக்குப் போடுவதில்லை. ஆனால் தளத்தில் தடம் பதியும். ஏலம் முடிந்து 4 நாள் கழிந்ததும், பணம் வராத காரணத்தைக் குறித்து விற்பவர் ஆர்டரை ரத்து செய்யலாம். அது உங்கள் கணக்கில் பதிவாகும். இப்படிப் பதிவுகள் உள்ளவர்கள் தங்கள் பொருளுக்கு ஏலம் கேட்கவே முடியாதபடி விற்பவர்கள் தடை வைக்கலாம், பலர் வைத்திருக்கிறார்கள். பதிவுகள் கூடினால் கணக்குக்கே கட்டுப்பாடு வரும். 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. அதனால் மதிப்பீட்டுப் பக்கத்தில் எல்லாம் சுத்தமாகத் தெரியும். பணம் கட்டாத பதிவுகளின் கணக்கு மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

சட்டப்படி பார்த்தால், 'மூணு தரம்' சொல்லி முடிந்த ஏலம் போலத்தான் இதுவும். 2007இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம், ஈபேயில் ஏலம் விட்ட பழைய விர்ராவே விமானத்தைத் தர மறுத்த உரிமையாளர் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் விற்பவரைக் கட்டும் என்றால் எடுத்தவரையும் கட்டும்.

விதிவிலக்கு: அமெரிக்கத் தளத்தில் வீடு, நில விற்பனை ஏலங்கள் கட்டுப்படுத்துவன அல்ல. அங்கே கேட்பது விருப்பம் தெரிவிப்பது மட்டுமே.

கேள்வி: ஒரு லென்ஸுக்கு என் உச்சத் தொகையாக 150 கொடுத்தேன். 152.50க்கு வேறொருவர் எடுத்துவிட்டார். ஐந்து நாள் கழித்து 'இரண்டாம் வாய்ப்பு' என்று 150க்கு எனக்கே வந்திருக்கிறது. வாங்கியே ஆக வேண்டுமா? நல்ல விலைதானே?

எடுத்தவர் பணம் கட்டாதது போன்ற நிலையில், தோற்றவருக்கு அவர் கேட்ட உச்சத் தொகைக்கே பொருளைத் தருவதாக விற்பவர் அனுப்புவதுதான் இரண்டாம் வாய்ப்பு. வாங்கும் கட்டாயம் இல்லை. ஏலத்தில் தோற்றதும் உங்கள் பொறுப்பு முடிந்துவிட்டது. மறுத்தால் எந்தப் பதிவும் விழாது. பதில் சொல்லாமல் விட்டாலும் தானே காலாவதியாகும். ஏற்றுக்கொண்டால் மட்டும் அது ஏலம் எடுத்ததற்குச் சமம், பணம் கட்டியே தீர வேண்டும்.

விலை நல்லதா என்பதற்கு ஏல வரலாற்றைத் திறந்து பாருங்கள். ஈபேயில் உச்சத் தொகையைக் கொடுத்தாலும் அது முழுதாக எடுக்கப்படுவதில்லை. இரண்டாவது ஆளின் உச்சத்துக்கு மேல் ஒரு படி எவ்வளவோ அதுதான் விலை. படி 25 முதல் 99.99 வரை 1 டாலர், 100 முதல் 249.99 வரை 2.50, 250 முதல் 499.99 வரை 5. உங்களை முந்தியவர் உங்கள் 150க்கு மேல் ஒரு படி கொடுத்ததால்தான் 152.50 ஆனது. இப்போது அவரை நீக்கிப் பாருங்கள். உங்களுக்கு அடுத்து மூன்றாவதாக நின்றவரின் உச்சம் 90 என்று வைத்துக்கொள்வோம். முந்தியவர் வராமலே இருந்திருந்தால் லென்ஸ் உங்களுக்கு 91க்கு வந்திருக்கும்! இரண்டாம் வாய்ப்போ உங்கள் உச்சமான 150ஐக் கேட்கிறது. பணம் கட்டாத ஒருவர் விலையை ஏற்றிவிட்டுப் போன 59 டாலரை நீங்கள் சுமக்கிறீர்கள்.

மோசடி என்று சொல்லவில்லை. 150 என்பது நீங்களே மனதறிந்து சொன்ன தொகை. லென்ஸ் இன்றும் உங்களுக்கு அந்த மதிப்புதானென்றால் தயங்காமல் எடுங்கள். மூன்றாவது ஆளின் தொகை 147 என்றால் யோசிக்கவே வேண்டாம், 149.50 கொடுத்திருப்பீர்கள். இடைவெளி பெரிதாக இருக்கும்போதுதான் நிதானம் வேண்டும்.

கேள்வி: அப்படியானால் 91க்குத் தருமாறு பேரம் பேசலாமா?

இரண்டாம் வாய்ப்பின் தொகையை இருவருமே மாற்ற முடியாது. தளத்தின் செய்திப் பெட்டி வழியாக விற்பவரிடம் கேட்கலாம். சம்மதித்தால் அவர் பொருளை நிலையான விலையில் புதிதாகப் பட்டியலிடுவார், நீங்கள் வாங்கலாம். வெளியே பணம் அனுப்பி முடித்துக்கொள்ளலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விதிமீறல் மட்டுமல்ல, வாங்குபவருக்கான பாதுகாப்பும் போய்விடும்.

கேள்வி: முந்தியவர் விற்பவரின் ஆளாக இருந்தால்?

ஏல வரலாற்றில் கேட்டவரின் மறைத்த பெயரைத் தட்டினால் 30 நாள் சுருக்கம் வரும். இந்த விற்பவரிடம் மட்டும் அவர் எத்தனை சதவீதம் கேட்டிருக்கிறார், எத்தனை முறை திரும்பப் பெற்றிருக்கிறார் என்று பாருங்கள். புதுக் கணக்கு, இதே விற்பவரிடம் ஏறக்குறைய நூறு சதவீதம், உங்கள் உச்சத்தைத் துழாவுவது போலச் சிறு சிறு தொகையாக அடுக்கடுக்காகக் கேட்டது, பிறகு பணம் கட்டாமல் மறைந்தது: இவை சேர்ந்து வந்தால் வாங்காமல் புகார் கொடுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பழி போடாதீர்கள். புதிதாக வருபவர்கள் பலரும் அப்படித் துழாவுவார்கள்.

ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2016 ஆகஸ்ட் 24 அன்று இதே பிரச்சினையில் தெளிவாகச் சொன்னது. ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரின் ஏலத்தை 1 யூரோவில் தொடங்கி, விற்பவரே இன்னொரு கணக்கிலிருந்து விலையை ஏற்றியிருந்தார். அவர் கேட்டவை எல்லாம் செல்லாது, உண்மையாகக் கேட்டவருக்கு 1.50 யூரோவில் ஒப்பந்தம் உருவானது என்று தீர்ப்பானது. காரைக் கொடுக்காததற்கு 16,500 யூரோ இழப்பீடு.

கேள்வி: மின்னஞ்சலில் வந்த இரண்டாம் வாய்ப்பு உண்மைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடவே வேண்டாம். உலாவியில் நீங்களே தள முகவரியை அடித்து உள்நுழைந்து உங்கள் செய்திப் பெட்டியைப் பாருங்கள். உண்மையான வாய்ப்பு அங்கேயும் இருக்கும். இல்லையென்றால் போலி. வங்கி வழிப் பணப் பரிமாற்றம், பரிசு அட்டை, யாரும் கேள்விப்படாத இடைக்காப்பு நிறுவனம் (பொருள் வந்து சேரும்வரை பணத்தை நடுவில் வைத்திருப்பதாகச் சொல்வது) என்று கேட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை. ஒரு காலத்தில் ஏலம் கேட்டவர்களின் பயனர் பெயர் முழுதாகத் தெரிந்ததால் இந்த ஏமாற்று மிகவும் எளிதாக இருந்தது. இப்போது இரண்டு எழுத்தும் நட்சத்திரக் குறிகளுமாகத்தான் தெரியும்.

கேள்வி: நான் விற்பவன். எடுத்தவர் இரண்டு நாளாகப் பதில் இல்லை. அடுத்தவருக்கு அனுப்பிவிடட்டுமா?

பொறுங்கள். 4 நாள் முடியட்டும், முதலில் ஆர்டரை ரத்து செய்யுங்கள். அவசரப்பட்டு அனுப்பினால், அடுத்தவர் ஏற்றுக்கொண்ட அதே நாளில் முதலாமவரும் பணம் கட்டலாம். கையில் ஒரு பொருள், ஒப்பந்தம் இரண்டு. யாருக்கு இல்லை என்றாலும் உங்கள் பெயர்தான் கெடும். அவசரமே வேண்டாம், ஏலம் முடிந்து 60 நாள் வரை இரண்டாம் வாய்ப்பு அனுப்பலாம்.

கால அளவு 1, 3, 5, 7 நாள்கள். தோற்றவர் வேறெங்காவது வாங்கிவிடுவார் என்பதால் 1 அல்லது 3 நாளே சரி. அது முடிந்தால் அடுத்தவருக்கு அனுப்பலாம். ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்புவது, கையில் அத்தனை பொருள் இருந்தால் மட்டும். அனுப்பக் கட்டணம் இல்லை. விற்றால் வழக்கமான விற்பனைக் கட்டணம் உண்டு.

கேள்வி: இதற்குக் குறைந்து விற்க மாட்டேன் என்று விற்பவர் வைத்த குறைந்தபட்ச விலை எட்டாத ஏலத்துக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். யாரும் எடுக்கவில்லை என்பதால் ரத்து செய்ய ஒன்றுமில்லை. அதிகம் கேட்டவருக்கு நேரே அனுப்பலாம்.

கேள்வி: தோற்ற பிறகு அதே பொருளுக்கு இன்னொரு ஏலத்தில் நான்தான் முன்னணியில் இருக்கிறேன். இப்போது பழையதிலிருந்து இரண்டாம் வாய்ப்பு வந்திருக்கிறது.

ஏற்றுக்கொண்டால் இரண்டுக்கும் பணம் கட்ட நேரிடலாம். இரண்டாம் வாய்ப்பு வந்தது, கேட்ட தொகையைத் திரும்பப் பெறக் காரணமாகாது. எது முதலில் முடிகிறது என்று இரண்டின் முடிவு நேரத்தையும் ஒப்பிடுங்கள். ஏலம் முதலில் முடியுமென்றால் அதுவரை வாய்ப்பைத் தொடாமல் வைத்திருங்கள். வாய்ப்பு முதலில் காலாவதியாகிறதென்றால், இரண்டு வந்தாலும் சரி என்ற நிலை இல்லாதவரை அதை விட்டுவிடுங்கள்.