சிங்கத்தைத் தவிர கிர் காட்டில் பார்க்க என்ன இருக்கிறது?

சேலத்திலிருந்து குஜராத்தின் கிர் காடு வரை சென்று, சிங்கம் கண்ணில் படாவிட்டால் பயணம் வீண்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. ஒரு மார்ச் மாதம், காட்டை ஒட்டிய ஊரான சாசனிலிருந்து நான் சென்ற முதல் காட்டுச் சுற்றில் சிங்கம் தென்படவில்லை. ஆனாலும் அந்தக் காலைப்பொழுதுதான் எனக்கு அந்தக் காட்டைப் புரியவைத்தது.

புள்ளிமானையும் கடமானையும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் வேலிக்கு அப்பால் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். கிர் காட்டிலோ, முகம் கறுத்த மந்திகள் மரத்தின் மேலிருந்து உதிர்க்கும் தழையையும் காயையும் கீழே நின்று மேயும் புள்ளிமான் கூட்டம், அதே மந்திகள் எழுப்பும் எச்சரிக்கைக் குரலுக்கும் காது கொடுத்தபடியே மேய்கிறது. அந்தக் குரல் கேட்டதும் எங்கள் வழிகாட்டி ஜிப்சி வண்டியை நிறுத்தச் சொன்னார். ஓடைக்கரைப் புதரிலிருந்து ஒரு சிறுத்தை எழுந்து நடந்தது.

சிங்கத்தின் கதையே இந்த மான்களோடு பின்னியதுதான். 1965-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காலத்தை ஒட்டி, அங்கே சிங்கத்தின் உணவில் பெரும்பகுதி மால்தாரி மேய்ப்பர்களின் எருமைகளும் பசுக்களுமாகவே இருந்தது. 1970-களில் பல மால்தாரிக் குடும்பங்கள் காட்டுக்கு வெளியே குடியமர்த்தப்பட்டு மேய்ச்சல் குறைந்தபின் புல் தழைத்தது, மான்கள் பெருகின, சிங்கமும் காட்டு இரைக்குத் திரும்பியது. 2025 கணக்கெடுப்பில் குஜராத்தில் 891 சிங்கங்கள் என்ற எண்ணுக்குப் பின்னால், வாழ்விடத்தை விட்டு எழுந்து சென்ற அந்தக் குடும்பங்களும் இருக்கின்றன என்பதை நம் சேர்வராயன் மலையின் மலைவாழ் மக்களை அறிந்த நாம் எளிதில் உணர முடியும். இன்னமும் சில குடும்பங்கள் 'நெஸ்' எனப்படும் முள்வேலிக் குடியிருப்புகளில் காட்டுக்குள்ளேயே வாழ்கின்றன.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நாம் காணும் காட்டெருமை அங்கே இல்லை. நீலான் என்னும் பெரிய மான், சிங்காரா என்னும் சிறிய மான், காட்டுப்பன்றி, கழுதைப்புலி, நரி ஆகியவை உண்டு. ஆண் மானுக்கு நான்கு கொம்புகள் இருக்கும் சௌசிங்காவைப் பார்ப்பது மிகவும் அரிது. பார்த்தால் அதைச் சிங்கத்துக்கு இணையான பேறாகவே கருதுவேன். ஹிரன் ஆற்றின் குறுக்கே உள்ள கமலேஸ்வர் அணையில் முதலைகள் கரையேறி வெயில் காய்வதை அவசரமின்றிப் பாருங்கள்.

ஜூன் 16 முதல் அக்டோபர் 15 வரை காடு மூடப்பட்டிருக்கும். தேக்கு இலையுதிர்த்து நிற்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பார்வை தொலைவு வரை எட்டும், விலங்குகளும் நீர்நிலைகளைத் தேடி வரும். தேவாலியாவின் வேலியிட்ட பகுதியில் சிங்கத்தைப் பார்க்கும் வாய்ப்பு மிக அதிகம் என்றாலும், அதை மட்டும் பார்த்துத் திரும்பாமல், காட்டுச் சுற்றுக்கு இரண்டு காலைப்பொழுதுகளையாவது ஒதுக்குங்கள்.