வாங்காமல் போனவர்கள்

வணக்கம் சார். மதுரையில் சுங்குடிச் சேலை விற்கிறோம். கடைக்கு இணையதளம் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் நிறையப் பேர் வந்து பார்க்கிறார்கள், வாங்குபவர்கள் ரொம்பக் குறைவு. வாங்கியவர்களுக்கு ஐந்து நட்சத்திரப் படிவம் அனுப்பிக் கருத்துக் கேட்கிறோம். சராசரி 4.6 வருகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், அப்புறம் ஏன் விற்கவில்லை? வேறு எப்படித்தான் கேட்பது?

ஒரு வாசகி, மதுரை

வணக்கம்.

படிவத்தை நிரப்பியவர்கள் எல்லோரும் வாங்கியவர்கள். தளம் அவர்களுக்குச் சரியாக இருந்ததால்தான் வாங்கினார்கள். சேலையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்களிடம் நீங்கள் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த 4.6-ஐ இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

முதலில் கடை வாட்ஸாப்பைத் திறந்து, மூன்று மாதமாக வந்த கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். "பிளவுஸ் பிட் உண்டா?" "சாயம் போகுமா?" "கையால முடிச்சுப் போட்டதா, பிரிண்டா?" இவையெல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் உங்கள் இணையப் பக்கம் சொல்லாமல் விட்ட பதில். ஒருவர் மெனக்கெட்டுக் கேட்கிறார் என்றால், கேட்காமலே போனவர்கள் இன்னும் பலர்.

அந்த மூன்றாவது கேள்வி உங்களுக்கு முக்கியம். நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் தோய்த்து, அப்புறம் பிரித்தால் ஒரு புள்ளி இன்னொன்றைப் போல இருக்காது. இது தெரியாதவர் புள்ளி கோணலாக இருக்கிறது என்று குறை சொல்வார். தெரிந்தவர் அதைத் தேடித்தான் வருவார், உங்கள் பக்கத்தில் அவருக்கு அடையாளம் கிடைக்காது. முடிச்சுப் பிரிக்காத துணியைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துச் சேலைப் படத்தோடு போடுங்கள். குறை என்று வருவதற்கெல்லாம் சரக்கை மாற்ற வேண்டியதில்லை.

தளத்தின் தேடல் பெட்டியில் எதை அடித்து ஒன்றும் கிடைக்காமல் போனார்கள் என்ற பட்டியலையும், தளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டு வாங்குங்கள். சுங்குடியை ஆங்கில எழுத்தில் ஆளுக்கு ஒரு விதமாக அடிப்பார்கள்.

அடுத்தது, வாங்குபவர் அருகில் உட்கார்ந்து பார்ப்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு ஜவுளிக் கடையின் தளத்துக்காக, பக்கத்து வீட்டு அக்காவிடம் போனைக் கொடுத்து ஒரு சேலை வாங்கச் சொன்னேன். பச்சையையும் அரக்கையும் மாற்றி மாற்றிப் பெரிதாக்கிப் பார்த்து, அரக்கைக் கூடையில் போட்டார். அடுத்த பக்கம் கணக்குத் தொடங்கச் சொன்னது. ஒரு கடவுச்சொல் போட்டார். பெரிய எழுத்து வேண்டும் என்றது. இன்னொன்று போட்டார், எண் வேண்டும் என்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி" என்று எழுந்துவிட்டார். தளம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்! படிவம் கொடுத்திருந்தால் ஐந்து நட்சத்திரமும் போட்டிருப்பார்.

இணையதளங்களை மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராயும் ஜாரெட் ஸ்பூல் 2009-இல் எழுதிய நிகழ்வும் இதேதான். ஒரு பெரிய இணையக் கடையில், வாங்க வந்தவர்களை உட்கார வைத்துப் பார்த்தபோது பதிவுப் பக்கத்தில் தடுமாறுவது தெரிந்தது. 'பதிவு செய்க' பொத்தானை எடுத்துவிட்டு 'தொடர்க' என்று வைத்து, கணக்கு இல்லாமலே வாங்கலாம் என்று சொன்னார்கள். வாங்கியவர்கள் 45 சதவீதம் கூடினார்கள்.

கூட்டம் சேர்க்க வேண்டாம். ஐந்து பேரைப் பார்த்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று அதே துறை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இலேயே எழுதினார். உங்கள் சேலையை இதுவரை வாங்காத ஐந்து பேர் போதும். அவர்கள் தடுமாறும்போது நீங்கள் வாய் திறக்கக் கூடாது, அது மட்டும்தான் கஷ்டம்.

தளத்திலும் கேட்கத்தான் வேண்டும் என்றால் ஒரே ஒரு கேள்வி, சேலைப் பக்கத்தின் அடியில்: "நீங்கள் தேடியது கிடைத்ததா? இல்லையென்றால் எது?" கீழே எழுத ஒரு வெற்றுப் பெட்டி. உள்ளே நுழைந்ததும் முகத்தில் வந்து விழும் படிவம் வேண்டவே வேண்டாம்.

நோட்டில் அதிகம் வந்த கேள்வியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சரி செய்யுங்கள். நான்கைந்தைச் சேர்த்து மாற்றினால் எதனால் விற்பனை கூடியது என்று தெரியாமல் போய்விடும். மாற்றிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளவுஸ் பிட் விவரத்தைப் போட்ட அன்றே, முன்பு அதைக் கேட்டவருக்கு வாட்ஸாப்பில் எழுதுங்கள்: "நீங்கள் கேட்டீர்கள், இப்போது சேர்த்துவிட்டோம்."