பெரிய கற்றாழைக்கு ஏன் கூடுதல் பணம்?

கேள்வி: கடற்கரையை ஒட்டி வீடு கட்டியிருக்கிறோம். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பு. எந்தப் பூச்செடியும் நிற்கவில்லை. வாசலில் பாறைத் தோட்டம் அமைத்து அகேவ் கற்றாழை வைக்க ஆசை. நர்சரியில் இடுப்பளவுச் செடிக்கு 3,000 ரூபாயும் சாண் உயரக் கன்றுக்கு 150 ரூபாயும் சொல்கிறார்கள். அலங்காரத்துக்குப் பவளக் கல் ஒரு வண்டி இறக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். எதை வாங்கலாம்?
– வாசகர், மண்டபம்

பதில்: முதலில் அந்தக் கல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளம் வெறும் கல் அல்ல, கடலுயிர்கள் கட்டிய கூடு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. விற்றவர் மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பவரும் சிக்குவார். சுண்ணாம்புக்கும் சுவருக்குமாக நம் கடலில் பவளத்தை வெட்டிக் குவித்த காலம் ஒன்று இருந்தது. மிச்சத்தைக் காக்கத்தான் 1986-இல் மன்னார் வளைகுடாத் தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அலையின் வேகத்தை உடைத்து உங்கள் கரையைக் காப்பதே அந்தப் பாறைதான். அதைப் பெயர்த்து வாசலில் கொட்ட மனம் வருமா? கருங்கல் துண்டுகளும் சல்லியும் போதும்.

இனி செடி. அகேவ் வாழ்நாளில் ஒரே ஒரு முறை பூக்கும்; பூத்ததும் தாய்ச்செடி பட்டுப்போகும். அகேவ் வகைகளில் ஒன்றான ஆனைக் கற்றாழைக்கு அது பெரும்பாலும் பத்து முதல் முப்பது ஆண்டுக்குள் வந்துவிடும். ஆகவே 3,000 ரூபாய்ச் செடியில் நீங்கள் காசு கொடுப்பது, அது ஏற்கெனவே வாழ்ந்து முடித்த ஆண்டுகளுக்கு. கன்றையே வாங்குங்கள். அதற்கும் முன்னால், பழைய வேலியோரங்களில் ஆனைக் கற்றாழை இருக்கிறதா பாருங்கள். அடியில் பக்கக் கன்றுகள் முளைத்திருக்கும். உரியவரிடம் கேட்டால் சும்மாவே தருவார்.

வாங்கும்போது தண்டின் அடியை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தாலோ புளித்த வாடை வந்தாலோ அழுகல். தொட்டியில் தேங்காய் நார்த்தூள் மட்டும் இருந்தால் அதை உதறிவிட்டு, மணலும் சல்லியும் கலந்து ஒரு அடி மேடு போட்டு நடுங்கள். வறட்சி இச்செடியைக் கொல்வது அரிது. வேரில் தேங்கும் நீர்தான் கொல்லும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து தை பிறந்தபின் நடுவது நல்லது. ஆனைக் கற்றாழை பத்தடி அகலம்கூடப் பரவும், இலை நுனி ஊசி. குழந்தைகள் ஓடும் பாதையிலிருந்து தள்ளி வையுங்கள். கழிக்கும்போது கையுறை அவசியம், சாறு பட்டால் தோல் எரியும்.

கேள்வி: இணையத்தில் அகேவ் என்று வாங்கினேன். வந்தது சோற்றுக்கற்றாழை போலத் தெரிகிறது. விற்றவர் திரும்ப வாங்க மறுக்கிறார்.
– வாசகி, கீழக்கரை

பதில்: ஓர் இலையை ஒடியுங்கள். வழவழப்பான சோறு வழிந்தால் சோற்றுக்கற்றாழை. நார் நாராக இழுபட்டால் அகேவ். விளம்பரத்தில் சொன்னதற்கு மாறான பொருளைத் திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்பது 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதி. விளம்பரப் படம், பில், செடியின் படம் மூன்றையும் இணைத்து அந்த இணையதளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அதன் பிறகும் அசையவில்லையென்றால், விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் நம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இவ்வளவு சிறு தொகைக்குக் கட்டணம் கிடையாது.