செட்டிநாட்டில் சாவிக்கொத்தே ஆச்சிமார் கையில்தானே இருந்தது, அப்புறம் பெண்கள் சமத்துவம் கேட்க என்ன இருந்தது?

சாவி இருந்தது, சரி. ஆண்கள் பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனபோது வீடு, வரவு செலவு, கல்யாணப் பேச்சு எல்லாவற்றையும் ஆச்சிமார் பார்த்துக்கொண்டார்கள், கொண்டுவந்த சீதனத்துக்கும் தனிக் கணக்கு உண்டு. ஆனால் நிர்வாகம் செய்வதும் சட்டப்படி உரிமை இருப்பதும் வேறுவேறு. பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே பங்கு, மகளுக்குக் கிடையாது. எவ்வளவு பெரிய முகப்பு வைத்த வீடாக இருந்தாலும் அன்று இதுதான் நிலை.

இதைத்தான் 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு கேள்வி கேட்டது. பெண்ணுக்குச் சம சொத்துரிமை, பதினாறு வயதுக்கு மேல்தான் திருமணம், விதவை மறுமணம், பிடிக்காத திருமணத்திலிருந்து விலகும் உரிமை என்று தீர்மானம் போட்டார்கள். அந்தக் காலத்துக்கு இது சாதாரணத் துணிச்சல் இல்லை.

ஓட்டுரிமை? சென்னை மாகாணத்தில் 1921-லேயே கிடைத்தது, ஆனால் சொத்துத் தகுதி வேண்டும் என்பதால் சொத்தில்லாத பெரும்பாலான பெண்களுக்கு அது பெயரளவில்தான். பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சட்டமன்றத் துணைத் தலைவராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். சட்டம் வர 1947 ஆனது.

சொத்து விஷயம் இன்னும் இழுத்தது. 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டம் தந்தையின் சொந்தச் சம்பாத்தியத்தில் மகளுக்கும் பங்கு தந்தது. பூர்வீகச் சொத்தில் சமபங்கு தமிழ்நாட்டில் 1989-ல்தான் வந்தது, அதுவும் அதற்குமுன் கல்யாணமான மகள்களை விட்டுவிட்டு. அவர்கள் 2005 திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.