சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நுரையீரல்: அழற்சியை எவ்வளவு அடக்கலாம்? கேள்வி பதில்

கே: கிருமிக்கு ஆன்டிபயாடிக் இருக்கிறதே, அழற்சியைத் தனியாக ஏன் குறிவைக்க வேண்டும்?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது சளி கெட்டியாகி நுரையீரலில் கிருமி தங்கிவிடும் பரம்பரை நோய். கிருமியைக் கொல்ல வரும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மூச்சுக்குழாயிலேயே செத்து, புரதத்தை அரிக்கும் எலாஸ்டேஸ் நொதியைக் கொட்டுகின்றன. அது குழாய்ச் சுவரை அரிக்கிறது, சளிச் சுரப்பைத் தூண்டுகிறது, ஐ.எல்.-8 என்ற அழைப்புப் புரதம் வழியாக இன்னும் நியூட்ரோஃபில்களை வரவழைக்கிறது. செத்த செல்களின் டி.என்.ஏ. சளியைக் கெட்டியாக்குகிறது. கிருமி குறைந்தாலும் இந்தச் சுழல் எளிதில் நிற்பதில்லை.

கே: ஸ்டீராய்டு போதாதா?

வேலை செய்யும், அதற்குக் கொடுக்கும் பக்கவிளைவு விலைதான் அதிகம். பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டை ஒருநாள் விட்டு ஒருநாள் கிலோவுக்கு 1 அல்லது 2 மி.கி. கொடுத்துப் பார்த்த ஆய்வு 1995இல் வெளியானது. கண்புரை, சர்க்கரைக் கோளாறு, வளர்ச்சிக் குறைவு ஆகியவற்றால் 2 மி.கி. பிரிவை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பையன்களின் உயரக் குறைவு பெரியவர்களான பிறகும் நீடித்ததை 2000இல் வந்த தொடராய்வு காட்டியது.

கே: ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்தான இபுபுரோஃபெனின் அளவை ஏன் ரத்தத்தில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்?

குறைந்த அளவு பயன் தராமல் போவதோடு நிற்காது. நியூட்ரோஃபில் வருகையைக் கூட்டவும் செய்யலாம். 1995இல் வந்த கான்ஸ்டன் குழுவின் 4 ஆண்டு ஆய்வில் 85 பேர் இருந்தார்கள். கிலோவுக்கு 20 முதல் 30 மி.கி., ஒரு வேளைக்கு உச்சம் 1600 மி.கி., நாளுக்கு இரு வேளை. ரத்தத்தில் உச்ச அளவு மி.லிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் என்பது இலக்கு. எஃப்.இ.வி.1, அதாவது முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, சரிவது குறைந்தது. 13 வயதுக்குக் கீழே பலன் அதிகம்.

மாத்திரை என்றால் 1, 2, 3 மணி நேரத்தில் ரத்தம் எடுப்பார்கள். சிரப் என்றால் உச்சம் முன்பே வந்துவிடும், மாத்திரை அட்டவணையை அப்படியே வைத்தால் தவறவிடுவீர்கள். இந்த நோயுள்ள குழந்தைகள் மருந்தை வேகமாக வெளியேற்றுவதால் ஒருவருடைய அளவு இன்னொருவருக்குப் பொருந்தாது. எடை கூடினால் மறுபடி பரிசோதனை. நரம்பு வழி டோப்ராமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகள் ஓடும்போது சிறுநீரகத்துக்காக இபுபுரோஃபெனை நிறுத்திவைக்க வேண்டும். வயிற்று ரத்தக்கசிவையும் கவனிக்க வேண்டும். கடை மாத்திரையை வாங்கி வீட்டில் முயல்வது கூடவே கூடாது.

கே: அழற்சியையும் குறைக்கும் ஆன்டிபயாடிக்கான அசித்ரோமைசின்?

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கு வாரம் 3 நாள், 40 கிலோவுக்குக் கீழே 250, அதற்கு மேல் 500 மி.கி. தொடங்குமுன் சளியில் காசநோய் சாராத மைக்கோபாக்டீரியா இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இருந்தால், தனி மருந்தாகக் கொடுப்பது எதிர்ப்புத்திறனை வளர்க்கும்.

கே: லியூக்கோட்ரையீன் பி4 என்ற அழற்சி வேதிப்பொருள் நியூட்ரோஃபிலை ஈர்க்கிறது என்றால், அதைத் தடுப்பதுதானே நேர்வழி?

அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள். அதன் ஏற்பியை அடைத்த அமெலுபன்ட் சோதனையில் மருந்து எடுத்தவர்களுக்கு நுரையீரல் சிக்கல்கள் கூடி, ஆய்வே நிறுத்தப்பட்டது. காவலை மொத்தமாக எடுத்தால் சூடோமோனாஸ் பெருகும். பின்னர் வந்த அசெபிலுஸ்டாட், லியூக்கோட்ரையீன் பி4 உற்பத்தியைக் குறைக்கும் மருந்து. 48 வார ஆய்வில் பெரிய பாதுகாப்புச் சிக்கல் இல்லை, ஆனால் எஃப்.இ.வி.1 மேம்படவில்லை. புதிய மருந்தைச் சோதிப்பவர் அழற்சிக் குறிகளோடு கிருமி எண்ணிக்கையையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கே: எலிகளில் முதலில் பார்க்கலாமா?

இந்த நோயில் பழுதாகும் சி.எஃப்.டி.ஆர். மரபணுவை நீக்கிய எலிக்குத் தானாக இந்த நுரையீரல் நோய் வராது. சூடோமோனாஸ் பொதிந்த அகர் மணிகளை உள்ளே செலுத்தித்தான் வரவழைக்கிறார்கள். பன்றி, ஃபெரெட் மாதிரிகள் மனித நோய்க்கு நெருக்கம், பராமரிப்புதான் கடினம்.

கே: சளி மாதிரியில் எலாஸ்டேஸ் அளவு ஒருநாள் போல் ஒருநாள் வருவதில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் கையாளுதலில். துப்பிய உடனே ஐஸில் வையுங்கள், எச்சிலைப் பிரித்துவிடுங்கள். செல்களைச் சுழற்றி நீக்குவதற்கு முன்பு உறைய வைத்தால் நியூட்ரோஃபில்கள் உடைந்து, உள்ளே இருந்த எலாஸ்டேஸும் வெளியே கொட்டும். சைட்டோகைன் என்ற அழற்சிச் செய்திப் புரதங்களைக் காக்க, எலாஸ்டேஸ் போன்ற நொதிகளை முடக்கும் புரோட்டியேஸ் தடுப்பான் சேர்த்த குழாயிலேயே எலாஸ்டேஸ் செயல்பாட்டை அளந்தால் பூஜ்யத்துக்கு அருகே வரும். ஆகவே தடுப்பான் சேர்க்கும் முன் மாதிரியை இரண்டாகப் பிரியுங்கள். சளியைக் கரைக்கும் டி.டி.டி. என்ற வேதிப்பொருள், புரதத்தை எதிர்ப்பொருளால் அளக்கும் எலைசா சோதனைகளில் சில அளவுகளைக் கெடுக்கும். தெரிந்த அளவு புரதத்தைக் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று சரிபாருங்கள்.

கே: மூன்று மருந்துக் கூட்டு வந்தபின் இந்த ஆய்வுகளுக்கு இடமுண்டா?

பழுதான சி.எஃப்.டி.ஆர். புரதத்தை வேலை செய்ய வைக்கும் எலெக்ஸாகாஃப்டர் கூட்டு 2019இல் ஒப்புதல் பெற்றது; அது அழற்சியைக் குறைக்கிறது. ஏற்கெனவே சேதமான நுரையீரலில் அழற்சி முழுதாக இயல்புக்குத் திரும்புவதில்லை. ஆனால் பலருக்குச் சளியே வருவதில்லை, நோய் திடீரெனத் தீவிரமடைவதும் அரிதாகிறது. பழைய அளவுகோல்களை வைத்தால் ஆய்வுக்கு ஆட்கள் ஏராளமாகத் தேவைப்படுவார்கள். எலும்பு மஜ்ஜையிலேயே எலாஸ்டேஸ் செயல்படும் வடிவத்துக்கு வருவதைத் தடுக்கும் பிரென்சோகாட்டிபுக்கு 2025இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது, ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சாராத பிராங்கியெக்டாசிஸுக்கு (மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோகும் நோய்) மட்டும்.